ஆசீர்வாதம் முடிந்தபின் அந்தப் பத்து நிமிடம்: புதிய சபையில் ஒட்டிக்கொள்வது எப்படி?

கடைசிவரிசை | ஞாயிறு, இரவு 9.15

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வேலை மாறி வேறு ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சபைக்கு ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருக்கிறேன். பிரசங்கம் நன்றாக இருக்கிறது. பாட்டும் நன்றாக இருக்கிறது. வாசலில் நிற்பவர்கள் சிரித்த முகத்தோடு கை கொடுக்கிறார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

கஷ்டமெல்லாம் போதகர் ஆசீர்வாதம் கூறி முடித்தபின் வரும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். எல்லோரும் எழுந்து ஆங்காங்கே நான்கைந்து பேராக நின்று பேச ஆரம்பிப்பார்கள். நான் போனை எடுத்துப் பார்ப்பேன். அதில் ஒன்றும் வந்திருக்காது. அப்புறம் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் பையில் கைவிட்டுக்கொண்டே வெளியே வந்துவிடுவேன். நான்கு மாதமாக இதேதான்.

அறிவிப்புத் தாளில் வாரம் முழுக்க ஏதாவது இருக்கிறது: செவ்வாய் வேதபாடம், புதன் வீட்டு ஜெபக் கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி மாலை பாடகர் குழுப் பயிற்சி, அதே நேரத்தில் வாலிபர் கூட்டம். எல்லாவற்றுக்கும் கீழே "அனைவரும் வருக". அந்த "அனைவரும்" என்பதில் நானும் உண்டா என்றுதான் புரியவில்லை. முதலில் எதற்குப் போவது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

கூடாரத்தொழில் | ஞாயிறு, இரவு 10.02

பிரதர், யோசிக்கவே வேண்டாம், புதன் வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போங்கள்.

காரணம் இதுதான். ஆராதனையில் எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பவரின் காது தெரியுமே தவிர முகம் தெரியாது. வீட்டுக் கூட்டத்தில் நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு. அப்புறம் "இந்த வாரம் யாருக்காக ஜெபிக்கணும்?" என்று கேட்பார்கள். அங்கேதான் ஒருவரை ஒருவர் அறிய ஆரம்பிக்கிறோம். இருபது பேர் தாண்டினால் அந்தக் குணம் போய்விடும், இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது என்பது என் அனுபவம்.

அப்போஸ்தலர் 2:42-ல் ஆதி சபை நான்கு காரியங்களில் உறுதியாய்த் தரித்திருந்தது என்று வாசிக்கிறோம்: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இரண்டாவது சொல்லைக் கவனியுங்கள். கிரேக்கத்தில் அது கொய்னோனியா. 1 யோவான் முதல் அதிகாரத்தில் அதே சொல்லுக்கு நம் தமிழ் வேதாகமத்தில் "ஐக்கியம்" என்று இருக்கிறது. இங்கேயோ "அந்நியோந்நியம்". அந்தச் சொல்லை நாம் சாதாரணமாக எங்கே பயன்படுத்துகிறோம்? ஒரு வீட்டில் கணவன் மனைவி எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லும்போது. அவ்வளவு நெருக்கமான சொல்லைச் சபைக்கு எடுத்துப் போட்டிருக்கிறார்கள் அந்த மொழிபெயர்ப்பாளர்கள். ஞாயிறு ஒன்றரை மணி நேரத்தில் மட்டும் அது வராது.

---

சுருதிப்பெட்டி | ஞாயிறு, இரவு 10.40

நான் வேறு வழி சொல்கிறேன். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு வட்டமாக உட்கார்ந்து பேசுவது பயங்கரமான விஷயம். நானும் அப்படித்தான். என்னைக் காப்பாற்றியது பாடகர் குழு.

பயிற்சியில் உங்களிடம் யாரும் கதை கேட்க மாட்டார்கள். கையில் பாட்டுத் தாள் இருக்கும். "இந்த வரியில் டெனார் (ஆண்களின் மேல்குரல்) கொஞ்சம் இறங்கணும்" என்பார்கள், இறக்குவீர்கள். இடைவேளையில் பக்கத்தில் நிற்பவர் "மூன்றாவது சரணத்தில் எனக்கும் மூச்சு பிடிக்கலை" என்பார். அவ்வளவுதான், பேச்சு ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் நிற்கும் அண்ணனுக்குக் கண்பார்வை கிடையாது. பாட்டு வரிகளை முழுக்க மனப்பாடம் செய்துவிடுவார். மூன்றாவது வாரம் நான் உள்ளே வந்து தொண்டையைக் கனைத்ததுமே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் இந்தச் சபை என்னுடையது என்று எனக்குத் தோன்றியது.

குரல் வராதென்றால் ஒலிபெருக்கிப் பக்கம் நில்லுங்கள், நாற்காலி போடுங்கள், பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுங்கள். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

---

இரவுப்பணி | திங்கள், காலை 8.20

இரவு ட்யூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன், தூங்கும் முன் எழுதுகிறேன். நான் செவிலியர்.

நீங்கள் சொல்லும் புதன் மாலை, சனி மாலை எல்லாம் அலுவலக நேர வேலைக்காரர்களுக்கு. என்னுடைய ட்யூட்டி வாரத்துக்கு வாரம் மாறும். மாதத்தில் இரண்டு ஞாயிறு கிடைத்தால் பெரிய விஷயம். முன்பு இருந்த ஒரு சபையில் ஐந்து வாரம் கழித்துப் போனபோது ஒரு மூத்தவர் என்னை நிறுத்தி, எபிரெயர் 10:25 தெரியுமா சிஸ்டர், சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்றார். எங்கே போனாய், எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அந்த ஐந்து வாரமும் வார்டில் ஆள் குறைவு. என் கைப்பிடியிலேயே இரண்டு பேர் கண்ணை மூடினார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வரவேற்கும் சபை என்றால் வராதவளையும் சேர்த்துத்தானே?

---

பழையமரம் | திங்கள், பகல் 11.30

மகளே, நான் ஒரு சபையில் பல வருடமாக மூப்பராக, அதாவது சபையைக் கவனிக்கும் பெரியவர்களில் ஒருவராக, இருக்கிறேன். உங்களிடம் அப்படிப் பேசியவர் நான் இல்லை என்றாலும், அதே வசனத்தை அதே தொனியில் நானும் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்காக வருந்துகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் 25-ஆம் வசனத்தைப் பிடித்துக்கொண்டு 24-ஐ விட்டுவிடுகிறோம். அதில் "ஒருவரையொருவர் கவனித்து" என்று இருக்கிறது. கவனித்த பிறகுதான் கூடிவருதல். கவனிக்காதவனுக்கு வருகையைக் கேட்க உரிமை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிறு விடுமுறை என்பதே பிற்பாடு வந்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை ஓய்வுநாளாக அறிவித்தது கி.பி. 321-ல். அதற்கு முன் இருந்த விசுவாசிகளுக்கு அது வேலை நாள். அவர்களில் அடிமைகளும் இருந்தார்கள், அவர்கள் விடுப்பு கேட்கும் நிலையில் இல்லை. ஏறக்குறைய 112-ல், இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிப் பாடிவிட்டுப் பிரிகிறார்கள், மறுபடி ஒன்றுகூடிச் சாப்பிடுகிறார்கள் என்று விசாரணையில் தெரிந்ததை எழுதுகிறார். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றபடி கூட்டம் இருந்திருக்கிறது. நாம்தான் கூட்டத்துக்கு ஏற்றபடி ஆட்கள் இருக்க வேண்டும் என்கிறோம்.

சுமார் 155-ல் ஜஸ்டின் மார்ட்டர் என்ற ஆதி சபை எழுத்தாளர் ரோமில் நடக்கும் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். வாசிப்பு, பிரசங்கம், எழுந்து நின்று ஜெபம், அப்பமும் திராட்சரசமும். அதோடு நிற்கவில்லை. வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் பங்கை எடுத்துக்கொண்டு போனார்கள் என்கிறார். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் போனது. முதல் நூற்றைம்பது வருடத்திலேயே, வராதவர் யார் என்று கணக்கு வைத்திருந்திருக்கிறார்கள். அவரைக் குற்றம் சாட்டுவதற்காக இல்லை, அவர் பங்கைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக.

உங்களுக்கு எந்த நேரம் ஓய்வு என்று இப்போது இருக்கும் சபையில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். பகல் பதினோரு மணியாக இருந்தால் என்ன, இரண்டு பேர் கூடினால் ஜெபக் கூட்டம்தான்.

---

மூடியபுத்தகம் | திங்கள், மாலை 6.45

எல்லோரும் வீட்டுக் கூட்டத்தைப் புகழ்கிறீர்கள். எனக்கு நடந்ததையும் கேளுங்கள்.

என் திருமணத்தில் ஒரு பிரச்சினை. மூன்று வருடம் பழகிய குழு என்ற நம்பிக்கையில் ஒரு புதன்கிழமை அழுதுகொண்டே சொன்னேன். எல்லோரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஞாயிறு அன்று நான் அதிகம் பழகாத ஒருவர் என் தோளைத் தட்டி, "எல்லாம் சரியாயிடும், உங்கள் வீட்டுக்காரருக்காக நாங்களும் ஜெபிக்கிறோம்" என்றார். யாரோ அதை ஜெபக் குறிப்பாக இன்னொரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் அந்த மண்டபத்தில் என் மேல் உடுப்பே இல்லாததுபோல் உணர்ந்தேன். அதற்குப் பிறகு எந்தச் சிறு கூட்டத்துக்கும் போகவில்லை. ஞாயிறு போவேன், வந்துவிடுவேன்.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வம்பு பேசுவது நம்மிடையே ஒரு வியாதி. அதைச் சொல்லாமல் ஐக்கியம் பற்றிப் பேசுவது சரியில்லை.

---

கூடாரத்தொழில் | திங்கள், இரவு 9.10

சிஸ்டர், நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் குழுவிலும் ஒருமுறை இது நடந்து ஒரு குடும்பத்தை இழந்தோம். அதன்பின் சில விஷயங்களைக் கண்டிப்பாக வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு கூட்டத்தையும் "இங்கே கேட்டது இந்த அறையைவிட்டு வெளியே போகாது" என்று சத்தமாகச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறோம். பழையவர்கள் நூறு தடவை கேட்டிருந்தாலும் சொல்வோம். சொன்னவரிடம் கேட்காமல் வாட்ஸ்அப்பில் ஒரு எழுத்துகூட ஏறாது, போதகரிடம் சொல்வதாக இருந்தாலும் அனுமதி கேட்போம். விவரம் சொல்ல விருப்பமில்லாதவர் "எனக்காக" என்று மட்டும் சொல்லலாம், யாரும் தோண்டக் கூடாது. கேட்டதும் அறிவுரை கொடுக்க ஓடுவதையும் நிறுத்தினோம், இதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. யாராவது உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தாலோ, ஒரு குழந்தைக்குத் தீங்கு நடந்தாலோ மட்டும் ரகசியம் காக்க மாட்டோம், உதவி தேடுவோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

உங்களுக்கு நடந்தது பாவம். கவனக்குறைவு என்று அதைச் சின்னதாக்க நான் விரும்பவில்லை.

---

ஓய்வுநாள்பள்ளிஅக்கா | செவ்வாய், காலை 7.05

கடைசிவரிசை தம்பி, பிள்ளைகளோடு ஒத்துப்போகுமா உங்களுக்கு? எங்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். பிள்ளைகள் மூன்று நிமிடத்தில் உங்களைச் சொந்தமாக்கிவிடுவார்கள். போன வாரம் ஒரு நான்கு வயதுக்காரி, புதிதாக வந்த ஆசிரியரின் மடியில் தன் ஒரு காலணியை வைத்துவிட்டு, "பிடிங்க, மத்ததைக் கழட்டணும்" என்றாள். அதைவிடப் பெரிய வரவேற்பு எந்தக் குழுவிலும் கிடைக்காது.

ஆனால் வந்த உடனே வகுப்பில் விட மாட்டோம், வருத்தப்படாதீர்கள். யார் என்று விசாரிப்போம், சில மாதம் பழகிய பிறகுதான். வகுப்பறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்கும். அன்பாக வரவேற்பதும் பிள்ளைகளைப் பாதுகாப்பதும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை.

1780-ல் இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஓய்வுநாள் பள்ளியை ஆரம்பித்தபோது, அது ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் இடம். அவர்களுக்கு ஓய்வு அந்த ஒரு நாள்தான். சபையின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அது தொடங்கவில்லை, தெருவில் நின்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இதை எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் அடிக்கடி நினைவுபடுத்துகிறேன்.

---

ஐந்துநாள்வீடு | செவ்வாய், இரவு 10.30

கொஞ்சம் எதிர்க்கருத்து சொல்லலாமா? ஒரு காலத்தில் நான் வாரத்தில் ஐந்து நாள் சபையில் இருந்தேன். வேதபாடம், வீட்டுக் கூட்டம், உபவாச ஜெபம், பயிற்சி, ஆராதனை. எல்லோரும் என்னை மெச்சினார்கள். என் மகன் ஒருநாள் என் மனைவியிடம், "அப்பாகிட்ட பேசணும்னா நானும் ஜெபக் குறிப்புதான் எழுதிக் கொடுக்கணுமா?" என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

புதிதாக வருபவருக்கு எல்லாக் கூட்டத்தையும் அடுக்காதீர்கள். ஞாயிறும் வாரத்தில் இன்னொன்றும் போதும். மீதி நாள் வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும். கூட்டங்கள் நிறைய உள்ள சபை அன்பான சபை என்று அர்த்தமில்லை. சில சமயம் கூட்டங்களின் நெரிசலில்தான் மனிதர்கள் தொலைகிறார்கள்.

---

பழையமரம் | புதன், காலை 6.10

ஐந்துநாள்வீடு சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மூப்பர் குழுவே அதற்குக் காரணமாக இருந்திருக்கிறது, சொன்னதைச் செய்பவர் கிடைத்தால் அவர் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிடுவோம்.

ஆனால் கூட்டங்களில் ஒன்றாவது ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவம். 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஜான் வெஸ்லி என்ற போதகர் நடத்திய மெத்தடிஸ்டு இயக்கத்தாருக்குக் கட்டடக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எல்லோராலும் முடியாதே என்று இன்னொருவர் கேட்க, என்னிடம் மிக ஏழையான பதினொரு பேரை ஒப்படையுங்கள், வாராவாரம் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றார் முதலில் சொன்னவர். மற்றவர்களும் அப்படியே ஏற்றார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனபோதுதான் யார் வீட்டில் என்ன நிலைமை என்பது தெரிய ஆரம்பித்தது. யார் எப்படி வாழ்கிறார், யார் வழிதவறிப் போகிறார் என்பதெல்லாம். கொஞ்ச காலத்தில் கடனைவிட அந்தச் சந்திப்பே முக்கியமாகி, பன்னிரண்டு பேர் கொண்ட வாராந்திரக் கூட்டமாக அது உலகம் முழுக்கப் பரவியது.

எங்கள் சபையில் இப்போது அதைத்தான் வேறு விதமாகச் செய்கிறோம். ஒவ்வொரு மூப்பருக்கும் பன்னிரண்டு பெயர். என் தாள் சட்டைப் பையில் இருக்கும். மடித்து மடித்து நடுவில் கிழிந்துவிட்டது, டேப் ஒட்டியிருக்கிறேன். ஆராதனை முடிந்ததும் முதல் ஐந்து நிமிடம் பழகியவர்களிடம் பேசக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. நிர்வாக விஷயமும் பேசக் கூடாது. தெரியாத முகத்திடம் போய் நிற்க வேண்டும். முதலில் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. இப்போது பரவாயில்லை.

அப்புறம், நல்ல உடுப்போடு வருபவரை முன்னால் உட்காரவைத்து, அழுக்கு உடுப்போடு வருபவரை ஓரமாக நிற்கச் சொல்வதை யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் கண்டித்திருப்பதை வாசல் ஊழியக்காரர்களுக்கு வருடம் ஒருமுறையாவது வாசித்துக் காட்டுகிறோம்.

---

கடைசிவரிசை | வியாழன், இரவு 12.05

நேற்று போய்விட்டு வந்தேன்! உடனே எழுத நினைத்தேன், மனம் நிறைந்திருந்ததால் முடியவில்லை.

கேட் வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பி நடந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். உள்ளே பாட்டு ஆரம்பித்த பிறகுதான் மணி அடித்தேன். கதவைத் திறந்த அம்மா பாடிக்கொண்டே திறந்தார், பாட்டை நிறுத்தாமலே கையைக் காட்டி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். ஒன்பது பேர் இருந்தார்கள். "புதியவர் எழுந்து அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று யாரும் சொல்லவில்லை, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு பெரியவரிடம் கோடு போட்ட பழைய நோட்டு ஒன்று இருந்தது. இடது பக்கம் தேதி, நடுவில் ஜெபக் குறிப்பு, வலது பக்கம் காலி. பதில் கிடைத்தால் அங்கே பென்சிலால் எழுதுகிறார். நான் எட்டிப் பார்த்தபோது ஒரு வரிக்கு எதிரே "இன்னும் காத்திருக்கிறோம்" என்று நான்கு வெவ்வேறு தேதிகளில் எழுதியிருந்தது. அதை அடித்துவிடாமல் வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் முறை வந்தபோது, அப்பாவுக்கு ஞாபகமறதி ஆரம்பித்திருக்கிறது, நான் தூரத்தில் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா பேர் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். இந்த ஊரில் என் அப்பாவின் பெயரைக் கேட்ட முதல் மனிதர் அவர்.

சுருதிப்பெட்டி அண்ணா, சனிக்கிழமை நாற்காலி போடவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் இப்போதைக்கு ஒன்றும் ஏற்றுக்கொள்ள மாட்டேன், ஐந்துநாள்வீடு ஐயா சொன்னது மனதில் இருக்கிறது.

---

இரவுப்பணி | வெள்ளி, பகல் 2.40

பழையமரம் ஐயா, நீங்கள் சொன்னபடி எங்கள் போதகரின் மனைவியிடம் என் ட்யூட்டி அட்டவணையைக் காட்டினேன். அவர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். நேற்று பகல் பதினொன்றரைக்கு நான் தூங்கி எழுந்ததும் அவரும், இரவுக் காவல் வேலை பார்க்கும் இன்னொரு அண்ணனும் வந்தார்கள். மூன்று பேர்தான். இருபது நிமிடம். ஒரு சங்கீதம் வாசித்தோம். அந்த அண்ணனுக்கும் வருடக் கணக்கில் வார நாள் கூட்டம் எதுவுமே கிடைத்ததில்லையாம். அடுத்த வாரம் ஓட்டுநர் ஒருவரையும் அழைத்து வரலாமா என்று கேட்டார்.

வார்டில் நடந்ததை முதல்முறையாகச் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

---

மூடியபுத்தகம் | வெள்ளி, இரவு 8.15

எல்லாவற்றையும் வாசித்தேன். அந்த நோட்டைப் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன்.

கூடாரத்தொழில் பிரதர், ஒரே ஒரு கேள்வி. நான் இருக்கும் சபையிலும் உங்களைப்போல் ஒரு குழு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒன்றுமே சொல்லாமல், ஜெபக் குறிப்பு கேட்டாலும் வாய் திறக்காமல், சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வரலாமா? எத்தனை வாரம் அப்படி இருந்தால் தப்பாக நினைப்பார்கள்?

---

கூடாரத்தொழில் | வெள்ளி, இரவு 8.22

தாராளமாக உட்காரலாம் சிஸ்டர். எங்கள் குழுவில் ஒருவர் ஏழு மாதம் அப்படி இருந்தார். யாரும் வாரத்தை எண்ணவில்லை, பிற்பாடு அவரேதான் எண்ணிச் சொன்னார்.